கொழுப்பு மாத்திரை சாப்பிட்டுவிட்டேன், கருவைக் கலைக்க வேண்டுமா?

சென்ற இதழில் கர்ப்பகாலச் சர்க்கரை பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பல ஊர்களிலிருந்து அதையொட்டிய வேறொரு கேள்வி வந்திருக்கிறது: கொலஸ்ட்ராலுக்குச் சாப்பிடும் மாத்திரை வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஆகுமா, ஆகாதா? முதல் கடிதம் எழுதிய பெண்ணுக்கு மட்டும், கடிதம் கைக்கு வந்த அன்றே ஆசிரியர் குழு மூலமாகப் பதில் சொல்லிவிட்டேன். இதழ் அச்சாகும்வரை காத்திருக்கும் விஷயமில்லை அது. அவர் சம்மதத்தோடு அதை விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 34 வயது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இப்போதுதான் நாள் தள்ளிப்போய், கார்டில் இரண்டு கோடு வந்தது. ஸ்கேனில் 8 வாரம், இதயத்துடிப்பு இருக்கிறது என்றார்கள். எனக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளைமிபிரைடு, பிரஷருக்கு டெல்மிசார்டான் 40, கொழுப்புக்கு அடார்வாஸ்டாட்டின் 10 சாப்பிடுகிறேன். மாத்திரை வாங்கப் போன இடத்தில், "இந்தக் கொழுப்பு மாத்திரையைக் கர்ப்பிணி தொடவே கூடாது" என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். எங்கள் ஊர் மருத்துவரிடம் கேட்டால், "ரிஸ்க்தான், யோசிச்சுக்கோங்க" என்கிறார். ஊனமாகப் பிறந்தால் யார் பார்ப்பது, கலைத்துவிடலாம் என்கிறார் மாமியார். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்: கலைக்க வேண்டாம். கர்ப்பம் என்று தெரியாமல் எட்டு வாரம் அடார்வாஸ்டாட்டின் சாப்பிட்டது கருவைக் கலைப்பதற்கு ஒரு காரணமே இல்லை. மாமியார்மேல் கோபப்படாதீர்கள், அவர் பயந்துபோயிருக்கிறார். என் வருத்தமெல்லாம், எந்த ரிஸ்க், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று சொல்லாமல் "யோசிச்சுக்கோங்க" என்று அனுப்பிவைத்த மருத்துவர்மேல்தான். ஒன்பது வருடம் காத்திருந்த பெண் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எதைத்தான் யோசிப்பாள்?

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அடார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எல்லாம் ஸ்டாட்டின் என்ற ஒரே குடும்பத்து மருந்துகள். இந்தக் குடும்பத்தில் முதலாவதான லோவாஸ்டாட்டின் 1987-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அப்போது அங்கே கர்ப்பிணிகளுக்கான மருந்துகளை ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று தரம் பிரித்து வைத்திருந்தார்கள். ஸ்டாட்டினுக்குக் கிடைத்தது எக்ஸ், அதாவது கர்ப்பிணி சாப்பிடவே கூடாது என்ற தரம். அந்த எழுத்தைப் பார்த்தவுடன் குழந்தைக்கு ஊனம் வரும் என்று நிரூபணம் ஆகிவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் நடந்தது வேறு. தாய் எலிக்கே நஞ்சாகும் அளவுக்கு அதிகமாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் குட்டிகளின் எலும்பில் குறை தெரிந்தது. அதோடு, ஒரு பெண் ஒன்பது மாதம் கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்டால் அவளுக்குப் பெரிதாக நஷ்டம் ஒன்றும் இல்லை. லாபம் இல்லாத இடத்தில் சின்னச் சந்தேகம்கூட எதற்கு என்றுதான் எக்ஸ் போட்டார்கள்.

2004-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், ஸ்டாட்டின் சாப்பிட்ட தாய்மார்களுக்குப் பிறந்த சில குழந்தைகளுக்கு மூளை, கை கால் குறைபாடு இருந்ததாக ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். பயம் இன்னும் கூடியது. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தானாக வந்துசேர்ந்த புகார்களை. மாத்திரை சாப்பிட்டு நல்லபடியாகப் பிள்ளை பெற்றவள் யாரும் உட்கார்ந்து புகார் எழுதமாட்டாள் இல்லையா? அந்தக் கணக்கை வைத்து நூற்றுக்கு இத்தனை என்று சொல்ல முடியாது.

சரியான கணக்கு 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அமெரிக்காவில் 8,86,996 கர்ப்பங்களின் பதிவுகளை எடுத்தார்கள். அதில் முதல் மூன்று மாதத்தில் ஸ்டாட்டின் சாப்பிட்டவர்கள் 1,152 பேர். இவர்களின் குழந்தைகளில் பிறவிக் குறைபாடு 6.34 சதவீதம், சாப்பிடாதவர்களின் குழந்தைகளில் 3.55 சதவீதம். இதோடு நிறுத்தினால் மாமியார் சொன்னது சரி என்றுதான் தோன்றும். ஆனால் ஸ்டாட்டின் சாப்பிடும் இளம்பெண் யார்? பெரும்பாலும் உங்களைப்போலச் சர்க்கரை உள்ளவள். தாய்க்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் குழந்தையின் இதயம், முதுகுத்தண்டு பாதிக்கப்படும் என்பது பல காலமாகத் தெரிந்த உண்மை. அதனால் சர்க்கரை, வயது, மற்ற நோய்கள் எல்லாம் இரு பக்கமும் சமமாக இருக்கும்படி கணக்கிட்டுப் பார்த்தார்கள். இரண்டு மடங்கு போலத் தெரிந்த வித்தியாசம் 1.07 மடங்குக்கு இறங்கிவிட்டது. அதாவது, ஏறக்குறைய ஒன்றுமில்லை. குறை மாத்திரையால் வரவில்லை, மாத்திரை எழுதக் காரணமாக இருந்த நோயால் வந்தது.

இதுபோன்ற ஆய்வுகளையெல்லாம் பார்த்துவிட்டு, 2021 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஸ்டாட்டின் பெட்டிகளிலிருந்து அந்தக் கடுமையான எச்சரிக்கையை எடுக்கச் சொன்னது. தெரியாமல் கர்ப்பத்தின் தொடக்கத்தில் சாப்பிட்டிருந்தால் குழந்தைக்குத் தீங்கு நேர வாய்ப்பு குறைவு என்றது. அதே அறிக்கையில், கர்ப்பம் உறுதியானதும் பெரும்பாலான பெண்கள் ஸ்டாட்டினை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள். பாதுகாப்பு என்றால் ஏன் நிறுத்தணும் என்று கேட்பீர்கள். பிள்ளையின் ஒவ்வொரு செல்லும் கட்டப்படுவதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். கருவைத் தாங்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனை நஞ்சுக்கொடி உங்கள் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலிலிருந்துதான் செய்துகொள்கிறது. ரத்தக்குழாய் அடைப்போ பத்து, இருபது வருடத்தில் மெல்ல மெல்ல வருவது. பிரசவம்வரை மாத்திரையை விடுவதால் உங்கள் இதயத்துக்கு ஒன்றும் ஆகாது. அதனால் அடார்வாஸ்டாட்டினை இன்றோடு நிறுத்துங்கள். சில நாட்களில் உடம்பைவிட்டு அது வெளியேறிவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது வேறொரு மாத்திரை. கடைக்காரரும் சொல்லவில்லை, மருத்துவரும் சொன்னதாகத் தெரியவில்லை. டெல்மிசார்டான்! பிரஷருக்கு நல்ல மருந்துதான். ஆனால் நான்காம் மாதத்துக்கு மேல் கர்ப்பிணி இதைச் சாப்பிட்டால் குழந்தையின் சிறுநீரகம் கெடும், பனிக்குட நீர் வற்றிப்போகும். இதற்குச் சந்தேகமே இல்லாத ஆதாரம் இருக்கிறது. நல்லவேளையாக நீங்கள் 8 வாரத்தில் இருக்கிறீர்கள், மாற்ற நேரம் இருக்கிறது. ஆனால் நீங்களாகத் தூக்கிப்போட்டுவிட்டு பிரஷரை ஏறவிடாதீர்கள். லபெட்டலால், நிஃபிடிபின், மெத்தில்டோபா என்று கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன. அதே நாளில் ஒன்றை நிறுத்தி, இன்னொன்றைத் தொடங்க வேண்டும். கிளைமிபிரைடும் வேண்டாம், இன்சுலினுக்கு மாறுங்கள். ஊசி என்றதும் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு இப்போது இன்சுலினைவிடப் பெரிய காவல் கிடையாது. மெட்ஃபார்மினைத் தொடரலாமா என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்வார். பெரும்பாலும் தொடரலாம்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை உடனே எடுங்கள். மாமியார் கவலைப்படுகிறாரே, அவரிடம் காட்ட வேண்டிய தாள் அதுதான். 6.5-க்குக் கீழே இருந்தால் பெரும் நிம்மதி. கூடுதலாக இருந்தாலும் கலைப்பதற்கான காரணம் இல்லை, கூடுதல் கவனத்துக்கான காரணம். ஃபோலிக் ஆசிட் சர்க்கரை உள்ளவர்களுக்கு 5 மில்லிகிராம் தேவைப்படும், கேட்டு வாங்குங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் ஐந்தாம் மாத ஸ்கேன், அப்புறம் குழந்தையின் இதயத்துக்கென்று தனியாக ஒரு எக்கோ. எந்த மாத்திரையும் சாப்பிடாத, எந்த நோயும் இல்லாத பெண்களுக்கும் நூறில் இரண்டு, மூன்று குழந்தைகள் ஏதோ ஒரு குறையோடு பிறக்கத்தான் செய்கின்றன. அதனால் எல்லாம் சரியாக இருக்கும் என்று யாராலும் உங்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. இந்த மாத்திரையால் அந்தக் கணக்கு கூடவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இந்தப் பெண் இப்போது அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பதிவு செய்து, இன்சுலினுக்கு மாறிவிட்டார். முதல் ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். மாமியார்தான் கூடப் போகிறாராம்.

கேள்வி: கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுவது நான் இல்லை, என் கணவர். குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். அவர் நிறுத்த வேண்டுமா? (வாசகி, கரூர்)

பதில்: வேண்டாம். ஆணின் ஸ்டாட்டினால் குழந்தைக்குக் கெடுதல் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிகரெட் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 26 வயது. என் அப்பா 39 வயதில் மாரடைப்பில் இறந்தார். இருபது வயதில் எனக்கு எடுத்த பரிசோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 262. குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநார் இரண்டு காலிலும் தடித்திருக்கிறது. ரோசுவாஸ்டாட்டின் 20 சாப்பிட்டு இப்போது எல்டிஎல் 128. வருகிற தை மாதம் அத்தை மகனோடு கல்யாணம். கல்யாணத்துக்கு முன்பே மாத்திரையை நிறுத்திவிடு, அவர்களுக்குத் தெரியவும் வேண்டாம் என்கிறார் அம்மா. நிறுத்தட்டுமா டாக்டர்? (பெயர் வெளியிட வேண்டாம், விருதுநகர் மாவட்டம்)

பதில்: மகளே, உன் அம்மா சொன்ன இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். முதலில் இரண்டாவதைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் பெரியது.

நீ விவரித்திருப்பது பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் நோய்போலத்தான் தெரிகிறது. சாப்பாட்டால் வந்தது இல்லை. ரத்தத்திலிருக்கும் கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் உண்டு. அந்த ஏற்பியைச் செய்யும் மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அதில் ஒன்று பழுதாகிவிட்டால் பிறந்த நாளிலிருந்தே எல்டிஎல் உச்சத்தில் இருக்கும். இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. அபூர்வமான நோய் என்று நினைக்காதே, சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பாதிப் பேருக்கு மேல் தெரியாமலேயே இருக்கிறார்கள். உன் அப்பாவுக்கும் தெரிந்திருக்காது.

இப்போது உன் அத்தையை நினைத்துப் பார். அவர் உன் அப்பாவின் கூடப்பிறந்தவர். அப்பாவுக்கு இருந்திருந்தால் அத்தைக்கும் அது இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தைக்கு இருந்தால் அத்தை மகனுக்கும் இரண்டில் ஒரு பங்கு. ஆக, நீ கட்டிக்கொள்ளப்போகிறவருக்கு இதே பழுது இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அவருக்கு இல்லையென்றால், உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் உன்னிடமிருந்து வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அதைச் சமாளிக்கலாம், எட்டு பத்து வயதிலிருந்து மருந்து கொடுத்தால் நீண்ட நாள் நன்றாக வாழ்வார்கள். அவருக்கும் இருந்தால்தான் சிக்கல். நான்கில் ஒரு குழந்தை இரண்டு பழுதான பிரதிகளோடு பிறக்கும். அந்தக் குழந்தைக்கு எல்டிஎல் 500-க்கு மேல் போகும், முழங்கை முழங்காலில் மஞ்சள் கட்டிகள் வரும், பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். நம் ஊரில் சொந்தத்தில் கல்யாணம் சகஜம், அதனால் இதை நாம் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ள மாப்பிள்ளை கொடுக்க வேண்டியது ஒரு சிரிஞ்சு ரத்தம், சில நூறு ரூபாய். கல்யாணத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. பரிசோதனை எடுக்கச் சொல். அத்தையும் எடுக்கட்டும். அத்தைக்கு இருந்தால், இந்த ஒரு பரிசோதனை அவர் உயிரையே காப்பாற்றலாம். மறைத்துவைத்து என்ன கிடைக்கும்? உன் அப்பாவுக்கு வந்ததே அத்தைக்கும் வரக்கூடும்.

இனி மாத்திரை. கல்யாணம் வேறு, கர்ப்பம் வேறு. தாலி கட்டியதும் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. குழந்தை எப்போது என்று நீங்கள் இருவரும் முடிவு செய்யும்வரை மாத்திரையைத் தொடரு, அதுவரை கருத்தடை முறை ஒன்றைப் பின்பற்று. முயற்சி தொடங்குவதற்கு முன் நிறுத்தினால் போதும். அமெரிக்க வழிகாட்டுதல் ஒன்று முதல் இரண்டு மாதம் முன்பு என்கிறது, பிரிட்டனில் மூன்று மாதம் என்கிறார்கள். உன் இதய மருத்துவர் இதற்குள் ஒன்றைச் சொல்வார். நிறுத்துவதற்கு முன் ஈசிஜி, எக்கோ எடுத்து இதயம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே போகாதே. ஆறு மாதத்தில் கரு நிற்காவிட்டால் திரும்ப வந்து கேள். உன்னைப்போன்றவர்கள் கர்ப்பத்துக்கு இரண்டு வருடம், அப்புறம் பால்கொடுக்க ஒரு வருடம் என்று மருந்தில்லாமல் இருந்துவிடுகிறார்கள். அதே மாதிரி இரண்டாவது பிள்ளைக்கும். அவ்வளவு வருடங்கள் எல்டிஎல் 260-ல் இருப்பது உன் இதயத்துக்கு நல்லதில்லை. கர்ப்பத்தின்போது அவசியப்பட்டால் கொலஸ்டைரமின், கோலிசெவெலாம் என்ற மருந்துகள் இருக்கின்றன. இவை குடலிலேயே நின்று வேலை செய்யும், ரத்தத்தில் கலப்பதில்லை. அதனால் பிள்ளையைத் தொடாது. மலச்சிக்கல் வரும், வைட்டமின்களையும் ஃபோலிக் ஆசிடையும் உறிஞ்சவிடாது. எனவே மற்ற மாத்திரைகளை இதற்குக் குறைந்தது நாலு மணி நேரம் முன்போ, நாலு மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும். எசெட்டிமைப் உன் மாத்திரையோடு கலந்து இருந்தால் அதையும் அப்போது நிறுத்த வேண்டும், கர்ப்பத்தில் அதைப் பற்றிய தகவல் போதாது. எல்லாம் கேட்டுப் பயந்துவிடாதே. உன்னைப்போல ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் பெரும்பாலும் சாதாரணமாகவே கர்ப்பத்தைக் கடந்து பிள்ளை பெறுகிறார்கள்.

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். அலுவலகத்தில் முழு உடல் பரிசோதனை முகாம் என்று எல்லோரும் ரத்தம் கொடுத்தோம். கொலஸ்ட்ரால் 286, டிரைகிளிசரைடு 240 என்று சிவப்பில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். முன்பு எல்லாம் சரியாக இருந்தது. மாத்திரை வேண்டுமா? முட்டையை நிறுத்தட்டுமா? (வாசகி, சென்னை)

பதில்: இரண்டும் வேண்டாம். கர்ப்பத்தில் கொலஸ்ட்ரால் ஏறுவது இயற்கை. கடைசி மூன்று மாதத்தில் கால் பங்கிலிருந்து பாதிவரை கூடும், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு இரண்டு மூன்று மடங்காகும். அந்தச் சிவப்பு எண்கள் கர்ப்பிணி அல்லாதவர்களுக்கு வகுத்தவை. பிரசவமாகி மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள், இறங்கியிருக்கும். முட்டையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், மத்தி, நெத்திலி கிடைத்தால் இன்னும் நல்லது. சுறா மட்டும் வேண்டாம், அதில் பாதரசம் அதிகம்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் பயப்படுவேன். டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், 1000-ஐத் தாண்டினால் கணையம் வீங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. ஒருமுறை எட்டாம் மாதக் கர்ப்பிணி ஒருவர் மேல்வயிற்று வலியோடு வந்தார். வீட்டில் அசிடிட்டி என்று சோடா குடிக்க வைத்திருந்தார்கள். வலி முதுகுவரை போகிறது, வாந்தி நிற்கவில்லை. லேப் தொழில்நுட்பர் ரத்தக் குழாயைக் கையோடு எடுத்துக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டார். "டாக்டர், இதைப் பாருங்க" என்று வெளிச்சத்தில் காட்டினார். கீழே சிவப்பு, மேலே காய்ச்சிய பாலின் ஆடைபோலக் கெட்டியாக வெள்ளை. அவருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆகவே முதுகுக்குப் பரவும் மேல்வயிற்று வலியும் விடாத வாந்தியும் சேர்ந்து வந்தால் வாயு என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். 240-ல் இருக்கும் உங்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

கேள்வி: என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். பிரஷர் வராமலிருக்க ராத்திரி ஆஸ்பிரின் 75 எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரமாகச் சாப்பிடுகிறாள். நேற்று அட்டையைப் பார்த்தால் எகோஸ்பிரின் ஏவி 75 என்று இருக்கிறது. அந்த ஏவி என்ன என்று தேடியதும் எங்கள் இருவருக்கும் தூக்கம் போய்விட்டது. (வாசகர், திருப்பூர்)

பதில்: அந்த ஏவி என்பது அடார்வாஸ்டாட்டின். ஆஸ்பிரினும் அதுவும் சேர்ந்த கேப்ஸ்யூல், இதய நோயாளிகளுக்கானது. உங்கள் மனைவிக்கு எழுதியது வெறும் எகோஸ்பிரின் 75-ஆகத்தான் இருக்கும். பெயரில் இரண்டே எழுத்து வித்தியாசம் என்பதால் கடையில் மாறியிருக்கிறது. இன்றே சீட்டோடு போய் மாற்றி வாங்குங்கள். ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள், அது அவருக்கு வேண்டியது.

பிள்ளைக்கு? ஐந்தாம் மாதத்தில் உறுப்புகள் எல்லாம் உருவாகி முடிந்துவிட்டன. மூன்று வாரம், 10 மில்லிகிராம். இதனால் கெடுதல் வந்திருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், நிம்மதியாக இருக்கும். கர்ப்பகால ரத்தக்கொதிப்பைத் தடுக்க ஸ்டாட்டின் உதவுமா என்று ஐரோப்பாவில் 1,100-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் ஆய்வு நடத்தி, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு 35 வாரத்துக்குமேல் பிராவாஸ்டாட்டின் என்ற மாத்திரையைத் தெரிந்தே கொடுத்தார்கள். ரத்தக்கொதிப்பைத் தடுக்கவில்லை, அந்த வகையில் ஏமாற்றம்தான். ஆனால் குழந்தைகளுக்குக் கூடுதல் தீங்கு எதுவும் தெரியவில்லை. அது வேறு ஸ்டாட்டின், வேறு மாதம் என்பதையும் மறக்கக் கூடாது. ஐந்தாம் மாத ஸ்கேன் எப்படியும் எடுப்பீர்கள், அப்போது மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். மறைக்காதீர்கள்.

எல்லோருக்கும் சேர்த்து ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மருந்துக் கடையில் பத்து மாத்திரை அட்டையில் ஆறு மட்டும் கத்தரித்துக் கொடுக்கும்போது, பெயர் இருக்கும் பக்கமே போய்விடுகிறது. என்னிடம் வரும் பெண்கள் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டும் அட்டைகளில் பலவற்றில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும், கம்பெனிப் பெயர் மட்டும் மின்னும். கர்ப்பிணி என்றால் முழு அட்டையாக வாங்குங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள், அதில் முழுப் பெயர் இருக்கும்.

கேள்வி: இங்கே சீன மருந்துக் கடையில் கொலஸ்ட்ராலுக்குச் சிவப்பு அரிசிக் கேப்ஸ்யூல் விற்கிறார்கள். இயற்கை என்பதால் கர்ப்பிணியும் சாப்பிடலாம் என்கிறாள் தோழி. எனக்கு மூன்றாம் மாதம். (வாசகி, கிள்ளான், மலேசியா)

பதில்: சாப்பிடாதீர்கள். அது நம் மாப்பிள்ளைச் சம்பா மாதிரி சிவப்பு அரிசி இல்லை. அரிசியின்மேல் ஒருவகை ஈஸ்ட் பூஞ்சையை வளர்த்துச் சிவக்க வைப்பது. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் மோனகோலின் கே என்ற பொருள்தான் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. அதுவும் லோவாஸ்டாட்டினும் ஒரே ரசாயனம். ஸ்டாட்டின் மருந்துகளின் கதையே பூஞ்சையில்தான் தொடங்குகிறது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்துதான் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். ஆக, மாத்திரையை வேண்டாம் என்றுவிட்டு அதே மருந்தை அளவு தெரியாமல் சாப்பிடுகிறீர்கள். ஒரு கேப்ஸ்யூலில் எவ்வளவு இருக்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சரியாகத் தயாரிக்காவிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற நச்சும் சேர்ந்திருக்கும். ஏற்கெனவே சில நாள் சாப்பிட்டிருந்தால் முதல் கடிதத்துக்குச் சொன்னதுதான்: நிறுத்துங்கள், பயப்படாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 32 வயது. இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. ரோசுவாஸ்டாட்டினை உடனே தொடங்க வேண்டும் என்கிறார் இதய மருத்துவர். தொடங்கினால் தாய்ப்பால் கொடுக்கக் கூடாதாம். தாய்ப்பால் கொடுக்காதவள் தாயா என்று வீட்டில் பேசுகிறார்கள். அழுதுகொண்டே எழுதுகிறேன். (பெயர் வேண்டாம், தஞ்சாவூர்)

பதில்: அழாதீர்கள். பிள்ளை பெற்று 20 நாளான உடம்பு இதையெல்லாம் தாங்காது. வீட்டில் பேசுகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

சாதாரணமாகக் கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் பெண் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். தாய்ப்பாலைக் கொடு, மாத்திரை ஒரு வருடம் கழித்து வரட்டும் என்பேன். உங்கள் நிலை வேறு. ஒருமுறை அடைத்த ரத்தக்குழாய், உள்ளே ஸ்டென்ட். உங்களுக்கு ஸ்டாட்டின் என்பது அடுத்த மாரடைப்பைத் தள்ளிவைக்கும் மருந்து. இதனால்தான் 2021-ல் எஃப்டிஏ, ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்த பெண்களுக்குக் கர்ப்பத்தின்போதுகூட ஸ்டாட்டின் தேவையா என்பதை ஆள் பார்த்து முடிவு செய்யலாம் என்று இடம் கொடுத்தது. ஆனால் தாய்ப்பால் விஷயத்தில், ஸ்டாட்டின் சாப்பிடும் தாய் பால் கொடுக்க வேண்டாம் என்பதுதான் இன்றைக்கும் அதன் அறிவுரை. பாலில் போகும் அளவு சிறிது என்றாலும், வளரும் குழந்தையின் கொலஸ்ட்ராலில் கைவைக்கும் மருந்து என்பதால் அப்படிச் சொல்கிறார்கள்.

உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: "நான் இன்னும் மூன்று மாதம் மாத்திரை இல்லாமல் பால் கொடுத்தால் எனக்கு எவ்வளவு ஆபத்து?" ஸ்டென்ட் எந்தக் குழாயில், இப்போது எல்டிஎல் எவ்வளவு, எக்கோ எப்படி என்பதைப் பார்த்து அவரால் சொல்ல முடியும். கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்றால் பால் கொடுங்கள். இடையில் கொலஸ்டைரமின் உதவும், அது பாலில் சேராது. உடனே தொடங்கியே ஆக வேண்டும் என்றால் தொடங்குங்கள், பிள்ளைக்குப் பால்பவுடரைக் கொதித்து ஆறிய நீரில் சுத்தமாகக் கலந்து கொடுங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்துவிடும். அதற்குப் பத்து வயதாகும்போது பள்ளிக்கூட வாசலில் நிற்க அம்மா வேண்டும். தாயா என்று கேட்டவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு முக்கியமான விஷயம் பாக்கி இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் பேசியிருக்கமாட்டார்கள். பால் கொடுப்பதை நிறுத்தினால் சீக்கிரமே திரும்பக் கரு நிற்கலாம். உங்கள் இதயத்துக்கு அது இப்போது ஆகாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை மாரடைப்பு வந்தவர்களுக்குக் கூடாது, ரத்தம் உறையும். காப்பர் டி உங்களுக்கு ஏற்றது. ஆறு வாரப் பரிசோதனைக்குப் போகும்போதே அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம்.